சத்திரத்துக்குச் சோறு போட்ட சேற்றுக்காடு

ஒரத்தநாட்டுக்கு முக்தாம்பாள்புரம் என்றும் ஒரு பெயர் உண்டு. தஞ்சையின் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஒரு சத்திரம் கட்டினார். அதை ஒட்டி வந்த பெயர் அது. தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்தே போன யாத்திரிகர்களுக்காக மராட்டியர்கள் வரிசையாகச் சத்திரங்கள் எழுப்பினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ராஜாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம். பெரும்பாலும் அரண்மனைப் பெண்களின் பெயர்களே.

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் போனால் முத்துப்பேட்டை. அதற்குத் தெற்கே, ஆறுகள் கடலைத் தொடும் இடத்தில், அலையாத்திக் காடு படர்ந்திருக்கிறது. நெல்லும் தென்னையும் சூழ்ந்த உள்நாட்டுச் சத்திரத்துக்கும் கணுக்கால் புதையும் கடலோரச் சேற்றுக்காட்டுக்கும் என்ன உறவு? பணம்தான். 1853 முதல் 1912 வரை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வருமானத்தில் ஒரு பகுதி சென்னை மாகாண அரசுக்குப் போனது. மிச்சம் தஞ்சைச் சத்திரங்களின் பராமரிப்புக்குப் போனது. அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டது சத்திரத் துறை. ராமேஸ்வரம் போகும் வழியில் யாரோ ஒருவர் உண்ட சோற்றில் இந்தச் சேற்றின் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கிறது.

சத்திரங்களுக்கு ஏன் இவ்வளவு வருமானம் தேவைப்பட்டது என்பதைச் சரபோஜியே சொல்லியிருக்கிறார். 1799 உடன்படிக்கைப்படி நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்க வேண்டும் என்று 1801இல் கம்பெனியின் ரெசிடென்ட் டோரினுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சாதி வேறுபாடு இல்லாமல் வருகிறவர்களுக்கெல்லாம் உணவு தருவது, நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது, அநாதைக் குழந்தைக்குப் பால் கொடுப்பது, பிரசவத்துக்கு நிற்கும் பெண்ணைப் பேணுவது என்று அதில் விவரங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. நள்ளிரவில் மணியடித்து, தூங்கிப்போனவர்களையும் நேரம் தவறி வந்தவர்களையும் கூப்பிட்டுச் சோறு போடும் வழக்கத்தையும் குறிப்பிடுகிறார். இப்படி ஒரு செலவுக்கு அன்றாடம் பணம் வேண்டும். கிராமங்களும் நிலங்களும் அதற்காகவே சத்திரங்களுக்கு எழுதிவைக்கப்பட்டன.

1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அரசும் முடிந்தது. சத்திரங்கள் மட்டும் சர்க்கார் மேற்பார்வையில் தொடர்ந்தன, காட்டு வருமானமும் வந்துகொண்டிருந்தது. அலையாத்தி வீடு கட்ட உதவும் மரமில்லை. அதிலிருந்து கிடைத்தது விறகும் ஆடுமாடுகளுக்குத் தழையும்தான். ஆனால் நெல் வயல்கள் மட்டுமே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த டெல்டாவில் விறகு சாதாரணப் பொருளில்லை. அடுப்பெரிக்க வைக்கோலையும் வரட்டியையும் நம்பிய நாட்டில் விறகுக்காடு என்பது நல்ல சொத்து. தஞ்சை ஜில்லா போர்டு தனி வரி வசூலித்து மாயவரத்திலிருந்து ஒரு ரயில் பாதை போட்டு, 1894இல் முத்துப்பேட்டைவரை வண்டி விட்டது. இந்தியாவில் ஜில்லா போர்டு ஒன்று சொந்தமாக ரயில் விடுவது அதுவரை கேள்விப்படாத செய்தி. முத்துப்பேட்டை அப்படியொன்றும் ஒதுக்குப்புறம் இல்லை.

அந்தக் காடு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் அதற்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாது.

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. பாமணியாறு மன்னார்குடியை ஒட்டி ஓடும். வழியெல்லாம் வயல்களுக்குப் பாய்ந்து, வயல் வடிந்த நீரையும் வாங்கிக்கொண்டு, இந்த ஆறுகள் கடைமடைக்கு வரும். கந்தப்பரிச்சானாறு, கிளைதாங்கியாறு, மரக்காக் கோரையாறு ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். ஐந்தும் நேரே கடலில் விழுவதில்லை. ஆழம் குறைந்த ஒரு பெரிய உப்பங்கழியில் வந்து கலக்கின்றன. ஜாம்புவானோடையிலிருந்து படகு ஓட்டுகிறவர்கள் அதை ‘லகூன்’ என்றே சொல்கிறார்கள். அதன் பெரும்பகுதியில் ஆள் நின்றால் தண்ணீர் இடுப்பளவுதான். கழியைச் சுற்றிலும் பலஞ்சூர், தம்பிக்கோட்டை வடகாடு, துறைக்காடு, மறவக்காடு என்று காப்புக்காடுகள். எங்கு பார்த்தாலும் அலையாத்தி மரம்தான். ஓரத்தில் தில்லை, நரிக்கண்டல். மரம் முடியும் இடத்தில் உமரிச் செடி. சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள் காற்றை வாங்குவதற்காக. பிச்சாவரத்தில் படகுக்காரர் காட்டும் முழங்கால் மடக்கிய வேர் சுரபுன்னையுடையது. முத்துப்பேட்டைக்காரர்கள் தங்கள் காட்டைப் பிச்சாவரத்தோடு ஒப்பிடுவதை விரும்புவதில்லை. பரப்பில் தங்களுடையது பல மடங்கு பெரியது என்பார்கள், அது உண்மையும்கூட.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் பெருகி வரும்போது கழியில் உப்பு குறையும். மடவை, கொடுவா, பால்மீன், இறால் எல்லாம் குஞ்சாக உள்ளே வந்து, வேர்களுக்கிடையே வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். சேற்று நண்டு வளை தோண்டும். நரியும் நீர்நாயும் உண்டு. கூழைக்கடாவும் நீர்க்காகமும் நாரைகளும் இந்த மீனை நம்பித்தான் வந்து இறங்குகின்றன. கோடையில் ஆறு வற்றும், கழி கடலைவிடக் கரிக்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் காட்டின் மூச்சு.

1912இல் அரசு இந்தக் காட்டைச் சத்திரத் துறையிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1923 தொடங்கி 1936 வரை வருமானத்துக்காகக் காடு வெட்டப்பட்டது. கண்ட மாதிரி வெட்டவில்லை என்பதுதான் இதில் விசேஷம். காட்டைப் பட்டைகளாக அளந்து, வருஷத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஒரு பட்டையில் ஒரு மரம் விடாமல் மொத்தமாக வெட்டி, அடுத்த வருஷம் அடுத்த பட்டைக்குப் போகும் முறை. வெட்டிய இடம் சில ஆண்டுகளில் தானே தழைத்துவிடும், சுற்றி முடித்துத் திரும்பி வரும்போது மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. காகிதத்தில் அது குறையே இல்லாத திட்டம்.

சேறு கணக்கைக் கேட்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே மண்ணில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கி, வெட்டிய பட்டை தாம்பாளம் மாதிரி நடுவில் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர் இறங்கும்போது வெளியேறவில்லை. தேங்கி, காய்ந்து, உப்பைப் படியவிட்டுப் போனது. மறுநாள் மறுபடி. சில ஆண்டுகளில் அந்த மண்ணின் உப்பு கடல்நீரையே மிஞ்சியது. அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம், ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. விதை விழுந்தது, முளைக்கவில்லை. காடு இருந்த இடத்தில் வெள்ளைப் பொட்டல்.

சுந்தரவனத்திலும் ஆங்கிலேயர் காலத்தில் வரன்முறையோடு மரம் வெட்டப்பட்டது. அங்கே ஓதம் பல மீட்டர் உயரம் ஏறி இறங்கும், கங்கையும் பிரம்மபுத்திராவும் நன்னீரைக் கொட்டும். தமிழகக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. இங்கே ஒரு சாண் பள்ளம் விழுந்தாலும் தண்ணீர் அதில் சிறைப்பட்டுவிடும். மரத்தை எண்ணியவர்கள் தண்ணீர் போகும் வழியை எண்ணிப் பார்க்கவில்லை. முத்துப்பேட்டையின் வரலாற்றில் மிகப் பெரிய தவறு இதுதான். திருட்டுத்தனமாக நடந்ததும் இல்லை, பேராசைக்காரன் எவனும் செய்ததும் இல்லை. ஒழுங்காக, ரசீதோடு, அரசாங்கமே செய்தது.

1937இல் 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டத்தின்கீழ் முத்துப்பேட்டை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறையிடம் வந்தது. பாதுகாப்பு என்றால் இன்று நாம் நினைக்கும் பொருள் அன்று அதற்கில்லை. மற்றவர்கள் வெட்டக்கூடாது என்பதே பொருள். பட்டை பட்டையாக வெட்டும் முறை தமிழகத்தின் அலையாத்திக் காடுகளில் 1970கள் வரை நீடித்தது. காடு அழிந்ததற்கு விறகு பொறுக்கும் பெண்களும் ஆடு மேய்க்கிறவர்களும்தான் காரணம் என்ற பேச்சு வெகுகாலம் இருந்தது. அரிவாளோடு போனவரைப் பிடிப்பது சுலபம், ஐம்பது வருஷத்துத் திட்டத்தைப் பிடித்து நிறுத்துவது அவ்வளவு சுலபமில்லை.

இதே 1930களில் ஒரத்தநாட்டில் வேறொரு மாற்றம் நடந்தது. 1934இல் மேட்டூர் அணை திறந்தது. அதே திட்டத்தில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்தது. ஊரார் அதைப் புது ஆறு என்றே இன்றுவரை அழைக்கிறார்கள். ஏரியையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டுநிலங்களுக்கு ஆற்றுப் பாசனம் கிடைத்தது. புன்செய் நஞ்செய் ஆனது. அணை வந்ததால் வெள்ளத்துக்குக் கடிவாளம் விழுந்தது, ஜூன் 12ஐ எதிர்பார்த்துக் குறுவைக்கு நாள் பார்க்கும் வழக்கமும் வேரூன்றியது. தஞ்சை மாவட்டத்துக்கு அது பெரும் பேறு. ஆனால் அணைக்குப் பின்னால் தண்ணீரின் ஒவ்வொரு துளிக்கும் ஒரு வயல் பெயர் எழுதப்பட்டது. அந்தப் பட்டியலில் சதுப்புநிலத்தின் பெயர் இல்லை. மேலே கர்நாடகத்தில் அணைகள் பெருகப் பெருக, கடைமடைக்கு வருவது மழைக்கால வெள்ளமும் வயல் வடிகாலும் என்று சுருங்கியது. கடைமடை விவசாயியின் முறையீடு கோட்டைவரை கேட்டது. அவருக்கும் கீழே ஒரு கடைமடை இருக்கிறது, அது காடு. அதன் முறையீட்டை யார் எடுத்துச் சொல்வது?

ஏரிக்கரைகளின் கதை வேறு. ஒரத்தநாட்டுக்கு வடகிழக்கே பக்கத்தில் இருக்கும் வடுவூர் ஏரிக்கு மேட்டூர் தண்ணீர் வருகிறது. பாசனத்துக்காக நிரப்பிய ஏரியில் அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் ஊசிவால் வாத்தும் வந்து சேர, 1999இல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. மனிதனுக்கு வேண்டிய நீரில் பறவைக்கும் பங்கு கிடைத்தது, யாருக்கும் நஷ்டமில்லை. முத்துப்பேட்டையில் மனிதன் பயன்படுத்தி முடித்த மிச்சம்தான் வர வேண்டும். மிச்சமே இல்லாத ஆண்டுகளும் உண்டு.

காட்டைச் சரிசெய்யும் வழி கடைசியில் கிடைத்த இடம் வியப்பானது. முத்துப்பேட்டை மீனவர்களுக்கு ஒரு பழைய தொழில் உண்டு, வாய்க்கால் மீன்பிடி. கழியிலிருந்து சதுப்புக்குள் நீளமாக வாய்க்கால் வெட்டுவார்கள். ஓதம் ஏறும்போது மீனும் இறாலும் வாய்க்காலில் புகும், வற்றும்போது வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். சேறு மூடிவிடாமல் வாய்க்காலை அவ்வப்போது தூர்வாருவார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து செய்யும் வேலை. வாய்க்கால் வெட்டுகிறவர்கள் காட்டைக் கெடுப்பவர்கள் என்றுதான் மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். ஆனால் சுற்றிலும் பொட்டலாகக் கிடந்தபோதும் அந்த வாய்க்கால்களின் இரு கரையிலும் அலையாத்தி பசேலென்று நின்றது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காடு ஏன் திரும்பவில்லை என்று ஆராய்ந்தபோது விடை இங்கேதான் இருந்தது. தண்ணீர் வந்து போனால் உப்பு கழுவப்படும், உப்பு கழுவப்பட்டால் மரம் வரும். பொட்டல்களின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளைகள், மேலிருந்து பார்த்தால் மீன் முள் போன்ற வடிவம். கிளை வாய்க்கால்களின் ஓரத்தில் அலையாத்தி விதைகளை ஊன்றினார்கள். வனத்துறையும் நிறுவனமும் கிராமக் குழுக்களும் சேர்ந்து நடத்திய அந்தத் திட்டத்துக்கு இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதி உதவியது. தமிழ்நாட்டோடு ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் அதே முறை பரவியது. பல ஆண்டு வெள்ளைப் பொட்டலில் மறுபடி பச்சை தெரிந்தது. இந்த வன மீட்பில் மண்வெட்டியே முக்கியக் கருவி. மீனவர்களின் பழைய வாய்க்கால்தான் அதற்கு மூலம் என்பதை ஊர்ப் பலகைகளில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாம்.

இதற்கிடையே வெளியிலிருந்தும் நெருக்கடி வந்தது. நாகை, திருவாரூர்க் கடலோரத்தில் 1990களில் இறால் பண்ணைகள் முளைத்தன. நெல்வயலில் உப்புநீர் ஏறியது, குடிநீர்க் கிணறு கரித்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராகப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கூர்மையை மழுக்கிவிட்டது. வழக்கில் வென்றவர்கள் சட்டத்தில் தோற்ற கதை அது.

2002 ஆகஸ்டில் முத்துப்பேட்டைக்கு உலக அங்கீகாரம் வந்தது. ஆனால் தன் சொந்தப் பெயரில் இல்லை. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971இல் உருவான ஈரநில உடன்படிக்கையில் இந்தியா 1982இல் சேர்ந்தது. தமிழகத்திலிருந்து அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெற்றது கோடியக்கரை. வெளிமானுக்காக 1967இல் சரணாலயமான இடம் அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகள் வலசைப் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ந்த இடமும் அதுதான். கோடியக்காடு, வேதாரண்யம் உப்புச் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர் ஒரே ராம்சார் தலமானது. அடுத்த இருபது ஆண்டுகள் தமிழகத்தின் ஒரே ராம்சார் தலமும் அதுதான். பூநாரைக் கூட்டத்தையும் மானையும் பார்க்க கோடியக்கரைக்குப் போகிறவர்கள், அதே தலத்தின் மேற்குப் பாதியில் இருக்கும் காட்டை அறியாமலே திரும்பி வருகிறார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு அலையாத்தி மரத்துக்குத் திடீர்ப் புகழ் வந்தது. நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் அந்த அளவு அழிவில்லை. காடு காத்தது என்று எழுதினார்கள். பாதி உண்மை. கரை கோடியக்கரையில் மடங்கி மேற்கே திரும்புகிறது, எதிரே இலங்கை நிற்கிறது. அலையின் முதல் அடி இந்தக் கரைக்கு நேரே விழவில்லை. காட்டின் பெருமையைச் சொல்ல மிகைப்படுத்தத் தேவையில்லை. மீன் குஞ்சுக்கும் பறவைக்கும் இடம் தருவதும் கரை அரிக்காமல் பிடித்துக்கொள்வதுமே போதும்.

புயல் வேறு வகை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து மேற்கே நகர்ந்தது. முத்துப்பேட்டைக் காட்டில் மரங்கள் முறிந்தன, நின்றவையும் இலை உதிர்த்துக் குச்சியாக நின்றன. அதே காற்று பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணித் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. புது ஆற்றுத் தண்ணீரில் இரண்டு தலைமுறை வளர்த்த தோப்புகள் ஒரே இரவில் போயின. தென்னைக்கு நிவாரணம் கேட்டு மக்கள் சாலைக்கு வந்தார்கள், கேட்டது நியாயம். முறிந்த காட்டில் மறுபடி வாய்க்கால் தூர்வாரி விதை ஊன்றும் வேலை வனத்துறைக்கும் மீனவர்களுக்கும் வந்தது.

கஜாவுக்கு ஒன்பது மாதம் முன்பு, 2018 பிப்ரவரி 16 அன்று, காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. தமிழகத்துக்கு 404.25 டி.எம்.சி. என்று அது நிர்ணயித்தது. தமிழகத்தின் பங்கில் எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். காவிரி நடுவர் மன்றம் 2007இல் ஒதுக்கிய இன்னொரு சிறிய எண்ணை யாரும் கவனிக்கவில்லை. மொத்தம் 740 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு. ஆற்றுக்கும் காட்டுக்கும் சட்டத்தில் எழுதிவைத்த பங்கு இது ஒன்றுதான். அதில் எவ்வளவு மூணாறு தலைப்பைத் தாண்டி, பாமணியாறும் கோரையாறும் வழியாக, கோடையில் முத்துப்பேட்டைக் கழிக்கு வருகிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். ஒரத்தநாட்டு விவசாயி, மன்னார்குடி விவசாயி, ஜாம்புவானோடை மீனவர் மூவரும் சேர்ந்து நீர்வளத் துறையிடம் கேட்க வேண்டிய கணக்கு அது. தனித்தனியாகக் கேட்டால் யாருக்கும் கிடைக்காது.